முட்டிச் சுத்து

சட்டையைத்தானே பார்க்கிறீர்கள்? பாருங்கள் சார், பரவாயில்லை. மரக்காணத்தில் ஏறியதிலிருந்து பஸ்ஸில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்று பார்த்தார். வெள்ளி ஜிகினா. மெல்லிசைக் குழுக்காரர்களுக்குத் தைக்கிற டைலரிடம் சொல்லித் தைத்தது. நான் மேடைப் பாடகன் இல்லை. பேட்டரி கம்பெனியில் டிப்போ மேனேஜர். கிருபானந்தன் என்று பெயர். வயது ஐம்பத்தாறு. கொஞ்சம் வியர்வை வாடை அடிக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதோ முன்னால், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, இடது பக்கம். சாம்பல் நிற டீ ஷர்ட் போட்டு, தலையில் கைக்குட்டை கட்டியிருப்பாள். அவள் என் மனைவி, சுகந்தி. சண்டையா என்று கேட்காதீர்கள். சண்டை இல்லை. "கூட்டமா இருக்கு, நான் முன்னால ஏறிக்கிறேன், நீங்க பின்னால ஏறுங்க" என்றாள். ஏறினேன். உடனே போன் செய்தாள். "மூணாவது வரிசையில இருக்கேங்க. இங்க எடமில்ல. அங்கயே பாத்து உக்காருங்க." உங்கள் பக்கத்தில் இடம் இருந்தது. அவ்வளவுதான்.

இங்கிருந்து எனக்கு அவள் தெரியவில்லை. கண்ணாடி இல்லை. பக்கத்தில் இருப்பது தெரியும், நாலடி தாண்டினால் எல்லாம் புகை. கண்ணாடி எங்கே என்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.

நீங்கள் மூன்றாவது மனிதர். அதனால் கேட்கிறேன். இப்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவள் என்னிடம், "அடுத்த மாசம் நீங்க வர வேண்டாங்க" என்றாள். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டுக்கு உப்பு வேண்டாம் என்கிற மாதிரி சொன்னாள். அவள் போவாளாம், நான் வரக் கூடாதாம். இது நியாயமா என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சுகந்தி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே இலக்கியா என்று ஒரு பெண், ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள், கல்யாணம் ஆகாதவள். அந்தப் பெண்ணோடு மரக்காணம் பக்கம் ஒரு டான்ஸ் பார்ட்டிக்குப் போகவேண்டிய தோழி வரமுடியாமல் போய்விட்டது. "அக்கா, தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு, சும்மா வந்து உக்காந்திருங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். நான்தான் சொன்னேன், போய்விட்டு வா, பாவம் சின்னப் பெண் என்று. நானேதான் அனுப்பினேன். இதை நினைத்தால்தான் எனக்கு...

சரி. போனவள் திரும்பி வந்தாள். முடியெல்லாம் ஈரம். புடவை முட்டிக்குக் கீழே சேறு. முதல் தடவை புடவையில் போயிருந்தாள். குடித்திருக்கிறாளோ என்று பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். உப்பு வாடை. கடலா வியர்வையா தெரியவில்லை. தோசை ஊற்றி அடுப்பங்கரையிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிட ஊற்றினாள்.

"பாட்டெல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"பாட்டுன்னு ஒண்ணும் இல்லீங்க."

"பின்ன?"

"நெஞ்சுல வந்து தட்டுது."

"யாரு?"

நான் கேட்டது சாதாரணமாகத்தான். அவள் சிரித்துவிட்டாள். இன்னொரு தோசை ஊற்றினாள்.

அடுத்த மாதமும் போனாள். அதற்கடுத்த மாதமும். பேஸ் மியூசிக் என்கிறார்கள். போஸ்டர் கிடையாது, விளம்பரம் கிடையாது. தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். அன்றைக்குக் காலையில்தான் போனுக்கு இடம் வரும். மூடிக் கிடக்கிற இறால் பண்ணை, இறால் குஞ்சு பொரிக்கிற கொட்டகை. மற்ற ஊர்களில் இதெல்லாம் இரவில்தான் நடக்குமாம். இங்கே பக்கத்திலேயே மீனவர் குப்பம். அவர்கள் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள், இருட்டியதும் படுத்துவிடுவார்கள். அதனால் அவர்களிடம் பேசி, பகலில் வைத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். பகல் வெளிச்சத்தில் நடக்கிற விஷயம்தான். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. நானும் சந்தேகப்படவில்லை. ஆனால் என்னதான் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அந்த இசையை என் போனில் தேடிப் போட்டுக் கேட்டேன். கேட்டால், டிக் டிக் டிக். எறும்பு நடக்கிற மாதிரி. நடுவில் எங்கேயோ ஒரு பெண் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் டிக் டிக். வேறொன்றைப் போட்டேன். அதுவும் டிக் டிக். வால்யூமை முழுக்க வைத்துக் கேட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன் சார். இதற்காகவா ஒருத்தி மரக்காணம் வரைக்கும் பஸ் ஏறிப் போகிறாள்? இதைக் கேட்டா முடி நனைகிறது? அப்படியானால் வேறு ஏதோ இருக்கிறது. வேறு யாரோ இருக்கிறான்.

பேஸ் என்கிற அந்தக் கனத்த அடிச் சத்தம் போன் ஸ்பீக்கரில் வராதாம். பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து அவள் கிளம்புவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். சேரில் உட்கார்ந்து பேப்பரைப் பிடித்துக்கொண்டு, மேல் ஓரமாகப் பார்ப்பேன். பீரோவைத் திறப்பாள். பட்டுக் குர்தா ஒன்று, நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது, அதை ஒதுக்கிவிடுவாள். என்னுடைய பழைய டீ ஷர்ட் ஒன்று இருக்கிறது, கம்பெனி விளையாட்டு விழாவில் கொடுத்தது, எனக்கே தொளதொள என்று இருக்கும், அதை எடுத்து மாட்டிக்கொள்வாள். நாடா வைத்த காட்டன் பேண்ட். நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூ, அதன் நாடாவை ரெட்டை முடிச்சாகப் போடுவாள். வளையலைக் கழற்றிவிடுவாள். பூ கிடையாது. பவுடர்கூடக் கிடையாது. இடுப்பில் ஒரு சின்னப் பை, அதில் கைக்குட்டை, மாற்று டீ ஷர்ட் ஒன்று சுருட்டியது, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு அடைப்பான்.

"காதை அடைச்சுக்கிட்டா பாட்டுக் கேப்பே?" என்றேன்.

"காதுக்கு அங்க வேலையே இல்லீங்க. காதைக் காப்பாத்திக்கணும், அவ்வளவுதான்."

"கொஞ்சம் நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டுப் போயேன்."

"அங்க யாரு பாக்கப் போறா?"

அலங்காரம் செய்துகொண்டு போகிற மனைவியைச் சந்தேகப்படுவதற்கு ஒரு முறை இருக்கிறது சார், எல்லாப் புருஷனுக்கும் தெரியும். இருக்கிறதையும் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவளை என்ன செய்வது? இரண்டு நாள் அதையே யோசித்தேன். யாரோ ஒருத்தன் முன்னால் இவளுக்கு அலங்காரமே தேவைப்படவில்லை என்றால், அவன் எந்த அளவுக்கு நெருங்கியவனாக இருக்க வேண்டும்?

நான் பொறாமைக்காரன் இல்லை. என்னையே திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இது பொறாமையா கிருபா, பொறாமையா? இல்லை. இது வேறு. அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் வீட்டில் டான்ஸ் ஆடுகிறவன் நான். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது பிரேக் டான்ஸில் தொடர்ந்து முதல் பரிசு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "கிருபா, ஒரு ஸ்டெப் போடு" என்பார்கள். கம்பெனி ஆண்டு விழா, அபார்ட்மெண்ட் பொங்கல் விழா, எங்கும். எங்கள் ரிசப்ஷனிலேயே ஆடினேன், மாலையோடு. முட்டிச் சுத்து என்று எனக்கென்றே ஒரு ஸ்டெப் உண்டு. ஓடி வந்து ஒரு முட்டியைத் தரையில் போட்டு, அந்த வேகத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றி, ஒரு கையை மேலே தூக்கி நிறுத்துவேன். விசில் பறக்கும். இன்றைக்கும் வரும் எனக்கு.

ஆடுவதற்கு முன்னால் வாட்சையும் கண்ணாடியையும் கழற்றிப் பின்பக்கமாக நீட்டுவேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். சுகந்தியின் கை வந்து வாங்கிக்கொள்ளும். இருபத்தேழு வருஷமாக. ஆட்டம் முடிந்ததும் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக் கொடுப்பாள், நான் மாட்டிக்கொள்வேன். கூட்டத்தின் முதல் வரிசையில், அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். எப்படி ரசித்துப் பார்ப்பாள் தெரியுமா! நான் பார்த்ததில்லை. கண்ணாடி அவள் கையில் அல்லவா இருக்கும். ஆனால் தெரியும். அதெல்லாம் பார்த்தா தெரிய வேண்டும்?

அவள் ஒரு தடவைகூட ஆடினதில்லை. கூப்பிட்டால், "ஐயோ, எனக்கு வராது" என்பாள். நானும் விட்டுவிடுவேன். கண்ணாடியை யார் பிடிப்பார்கள்?

இப்போது சொல்லுங்கள். டான்ஸே வராதவள் மாதாமாதம் டான்ஸ் ஆடப் போகிறாள். டான்ஸ் ஆடுகிற நான் வீட்டில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"வேணாமேங்க."

"ஏன்?"

"உங்களுக்குப் பிடிக்காது."

"டான்ஸ் எனக்குப் பிடிக்காதா? யார்கிட்டப் பேசுற?"

அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி வாங்க. ஆனா நான் சொல்றதைக் கேக்கணும்" என்றாள். கையைக் கழுவிவிட்டு வந்து ஹாலில் நின்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள் சார். எனக்கு! டீப்பாயைத் தள்ளி வைத்துவிட்டு.

"காலைத் தூக்காதீங்க. பாதம் தரையிலயே இருக்கட்டும். முட்டியை மட்டும் லூசா விடுங்க."

"இது டான்ஸா?"

"மேல டிக் டிக்குன்னு வேகமா ஒண்ணு போகும். அதுக்கு ஆடாதீங்க, கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கிரும். அடியில மெதுவா ஒண்ணு வரும். அது வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நில்லுங்க. அதுவே உங்களை அசைக்கும்."

"கை?"

"கையை யாருக்கும் காட்டாதீங்க. உடம்போட வெச்சுக்குங்க. பக்கத்துல ஆள் நிப்பாங்க."

"முகம்?"

இதற்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "முகத்துக்கு ஒண்ணும் செய்ய வேணாங்க."

டிரஸ் பற்றியும் சொன்னாள். கறுப்பு, இல்லையென்றால் மங்கலான நிறம், தொளதொளவென்று. பழைய ஷூ, தரையில் பாசி வழுக்கும். சென்ட் வேண்டாம், இடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் அடுத்தவருக்கு மூச்சு முட்டும். போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பிய்க்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மறுநாள் டைலரிடம் போனேன். முதல் தடவை போகிற இடம். சுகந்தியின் புருஷன் யார் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும், அந்த ஒருத்தன் எவனோ அவனுக்கும் தெரிய வேண்டும்.

இன்று காலை இந்தச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினேன். "மழையே இல்லியே" என்றாள். "வந்தா?" என்றேன். பண்ணை வாசலில்தான் கழற்றினேன். வெயில் நேராக இதன் மேல் அடித்தது. சுகந்தி பார்த்தாள். ஷூ நாடா சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள், சரியாகத்தான் இருந்தது.

வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் ஒரு தாடிக்காரன். லுங்கியும் பனியனும். நெவில் என்று பெயர். "சுகந்திக்கா! உங்க எடம் காலியாத்தான் இருக்கு, போங்க" என்றான். உங்கள் இடம்! இவன்தான் என்று நினைத்தேன்.

"இவரு?"

"வீட்டுக்காரர்."

"அண்ணா, வாங்க வாங்க. சட்டை செம!" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போய்விட்டது அவனை.

உள்ளே போனோம். நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் காலியான சிமெண்ட் தொட்டிகள், முன்பு இறால் குஞ்சு விட்டிருந்தவை. கடைசியில் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள், அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டடி எடுத்து வைத்தேன், சார், என் பேண்ட் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. காற்று இல்லை. கண்ணாடி மூக்கின் மேல் நடுங்கியது. தொண்டைக்குள் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. போனில் கேட்ட அந்த டிக் டிக் எங்கேயோ மேலே போய்க்கொண்டிருந்தது, கொசு மாதிரி.

சுகந்தி காதை அடைத்துக்கொண்டாள். இடது பெட்டிக்கு எதிரே, ஒரு தொட்டியின் ஓரத்தில் அவள் இடம். நேராகப் போய் நின்றாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கவனித்தால், அங்கே எல்லோருமே அப்படித்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது கிடையாது. எல்லோரும் பெட்டியைப் பார்த்து நிற்கிறார்கள். பாட்டுப் போடுகிறவன்கூட ஒரு மூலையில் மீன் வலைக்குப் பின்னால் குனிந்திருக்கிறான், அவனையும் யாரும் பார்ப்பதில்லை. நெவில் உள்ளே வந்தான். நான் அவனை விடாமல் பார்த்தேன். சுகந்தி பக்கம் திரும்பவே இல்லை. வலது மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டான். வேறு யாராவது? ஒவ்வொருத்தனாகப் பார்த்தேன். ஒருவனும் இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, யாராவது ஒருத்தன் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனை எடைபோட்டிருப்பேன். என்னைவிடக் கறுப்பா, வழுக்கையா, என்ன சம்பளம். ஒரு பெட்டியை என்ன செய்வது?

தொட்டியைச் சுற்றிக்கொண்டு போய், பக்கவாட்டிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஆடுகிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது. முட்டி லேசாகப் போய்வருகிறது, தோள் ஒரு பக்கம் இறங்கி ஏறுகிறது. ஆனால் முகம்! கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தூங்கும்போது பார்த்திருக்கிறேன், பிரசவத்துக்கு அப்புறம் பார்த்திருக்கிறேன், அவள் அப்பா இறந்தபோது பார்த்திருக்கிறேன். இந்த முகம் எனக்குத் தெரியாது. யாருக்கும் காட்டுவதற்காக வைத்துக்கொண்ட முகம் இல்லை அது. எங்கே வைத்திருந்தாள் இவ்வளவு நாள்?

நான் அங்கே நிற்கிறேன், கையை நீட்டினால் தொடலாம், வெள்ளிச் சட்டை போட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியவில்லை.

சரி, ஆடிவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஆடினால் பார்ப்பாள். வாட்சைக் கழற்றினேன். கண்ணாடியைக் கழற்றினேன். பின்பக்கமாகக் கையை நீட்டினேன். நீட்டியபடியே நின்றேன். கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். யாருடைய முதுகிலோ பட்டது. கடைசியில் தடவிப் பார்த்துத் தொட்டியின் விளிம்பில் வைத்தேன்.

முதலில் வட்டம் வேண்டும். வட்டம் இல்லாமல் எப்படி ஆடுவது? கல்யாணத்தில் செய்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்து, "தள்ளுங்க தள்ளுங்க, எடம் விடுங்க" என்று எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினேன். நல்ல பிள்ளைகள், ஒருத்தரும் முறைக்கவில்லை, நகர்ந்துகொண்டார்கள். நான் நடுவில் வந்து திரும்புவதற்குள் மறுபடியும் வந்து நின்றுவிட்டார்கள். வேண்டுமென்று இல்லை. ஆடிக்கொண்டே அப்படியே வந்துவிடுகிறார்கள், குடத்தை எடுத்த இடத்தில் தண்ணீர் வந்து மூடுகிற மாதிரி. மறுபடியும் தள்ளினேன். மறுபடியும் மூடிக்கொண்டது. வட்டம் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

போகட்டும் என்று, கிடைத்த இடத்தில் இரண்டடி ஓடி, முட்டிச் சுத்து போட்டேன். நல்ல சுத்து சார். சிமெண்ட் தரை, பாசி வேறு, நினைத்ததைவிட ஒரு கால் சுற்று அதிகமாகவே போனது. நிறுத்தி, கையை மேலே தூக்கினேன்.

தூக்கிய கையை ஒருத்தன் பிடித்துக்கொண்டான். இன்னொருத்தன் அக்குளில் கை கொடுத்தான். "அங்கிள் விழுந்துட்டாரு!" என்று ஒரு பெண் குரல். என்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். நான் விழவில்லை என்கிறேன், அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஒருத்தி அட்டையால் விசிறுகிறாள். ஒருத்தன் என் ஷூவைக் கழற்றுகிறான். உப்புச் சர்க்கரைத் தண்ணீரை வாயில் வைக்கிறார்கள். "மூச்சு விடுங்க அங்கிள், மெதுவா." விசில் வந்த ஸ்டெப் சார் அது. எத்தனை ஊரில் வந்த ஸ்டெப்!

இலக்கியா ஓடிப்போய்ச் சுகந்தியைக் கூட்டிவந்தாள். "அக்கா, சார் மயங்கி விழுந்துட்டாருக்கா!" சுகந்தி என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு கிட்டத்தில் வந்ததால் முகம் தெரிந்தது. அது பழைய முகம்தான், வீட்டில் இருக்கிற முகம். என் முட்டியைப் பார்த்தாள். பேண்ட் கிழிந்திருந்தது. தூக்கின கை இன்னும் பாதி தூக்கினபடியே இருந்தது போலிருக்கிறது, அதை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"விழல இலக்கியா," என்றாள். "அது இவரோட ஸ்டெப்."

அங்கே அத்தனை பேரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது, பார்த்தீர்களா? அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் பக்கத்தில் உட்காருவாள் என்று நினைத்தேன். எழுந்தாள். தொட்டி விளிம்பிலிருந்து வாட்சையும் கண்ணாடியையும் எடுத்தாள், பழக்கம்தானே. இடுப்புப் பையில் போட்டு ஜிப்பை மூடினாள். என் தோளைத் தட்டினாள். திரும்பிப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு.

அதிலிருந்து முடியும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி இல்லாமல் என்ன தெரியும்? புகை புகையாக ஆட்கள். அதில் எந்தப் புகை சுகந்தி என்று தேடிக்கொண்டிருந்தேன். சுவரில் முதுகு சாய்ந்திருந்ததால் அந்த அடிச் சத்தம் சுவர் வழியாக முதுகெலும்புக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. மெதுவாகத்தான் வருகிறது. அவள் சொன்ன மாதிரி, காத்திருந்தால் வருகிறது. என் முட்டி ஒரு தடவை தானாக அசைந்தது. அடிபட்ட முட்டி, அதனாலாக இருக்கும்.

வெளியே வந்து ரோடு வரை நடந்தோம். கண்ணாடியைக் கொடுப்பாள் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. மறந்திருப்பாள். கேட்டால் கொடுப்பாள். நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கேட்டா வாங்கினேன்? ஆட்டம் முடிந்ததும் அவளே துடைத்துக் கொடுப்பாள். இன்றைக்கு அவளுடைய ஆட்டம் இன்னும் முடியவில்லையோ என்னவோ.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டுவிட்டேன். "சுகந்தி, நான் ஆடுறது உனக்குப் பிடிக்குமா?"

"ம்."

"பிடிக்கும்னா ஒரு தடவையாவது கை தட்டியிருக்கியா? இப்பத்தான் யோசிக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். தலை திரும்பியது தெரிந்தது. "கையில வாட்சும் கண்ணாடியும் இருக்குமேங்க" என்றாள். "எப்படித் தட்டுறது?"

இது பதிலா சார்? கேட்ட கேள்விக்கு இது பதிலா? அதற்குப் பிறகுதான் சொன்னாள், அடுத்த மாதம் நீங்கள் வர வேண்டாம் என்று. "மாசத்துல ஒரு நாள்ங்க" என்றாள். "மத்த நாளெல்லாம் நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்." என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பாள். சமையல், மாத்திரை, எல்லாம் அவள்தான்.

நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். பரவாயில்லை. ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். கொஞ்சம் எழுந்து பார்த்து, அவள் என்ன செய்கிறாள் என்று சொல்லுங்கள். மூன்றாவது வரிசை, இடது பக்கம். தெரிகிறதா? கைக்குட்டை, ஆமாம், அவள்தான். தூங்குகிறாளா? இல்லையா? ஜன்னல் வழியாகப் பார்க்கிறாளா? சரி. பக்கத்தில் யார்? யாராவது லேடீஸா?

யாரும் இல்லையா?

இப்போதுதான் இறங்கியிருப்பார்கள். என்ன, மரக்காணத்திலிருந்தேவா? நீங்கள் அதற்கு முன்னாலிருந்தே வருகிறீர்கள் இல்லையா... நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். சீட் மேல் என்ன இருக்கிறது?

பையா. சின்னப் பை. ஆமாம், அதுதான். அதில்தான் இருக்கிறது என் கண்ணாடி.

இல்லை சார், போகவில்லை. இங்கேயே இருக்கிறேன். எடமில்லை என்று சொல்லியிருக்கிறாளே. தலை அசைகிறதா? பஸ் குலுங்குகிறது, அதனாலாக இருக்கும். குலுங்காதபோதும் அசைகிறதா? மெதுவாகவா? முகம் தெரிகிறதா உங்களுக்கு, ஜன்னல் கண்ணாடியில் தெரியுமே, இருட்டிவிட்டது. எப்படி இருக்கிறது? வாய் லேசாகத் திறந்திருக்கிறதா? கண் மூடியிருக்கிறதா?

சார்.

சார், உட்காருங்கள். போதும். இவ்வளவு நேரம் பார்க்கச் சொல்லவில்லை.